யோகோஹாமாவில் மறைந்த வழக்கறிஞர் குடும்பம்: குருவின் சக்தி என்று சொல்லப்பட்டது அங்கே என்ன செய்தது?

செவ்வந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் யோகோஹாமா நகரில் 1989 நவம்பர் மாதத் தொடக்கத்தில், சுட்சுமி சகாமோட்டோ என்ற 33 வயது வழக்கறிஞரும், அவருடைய மனைவியும், ஒரு வயதைச் சற்றே தாண்டிய அவர்களது மகனும் ஒரே இரவில் வீட்டிலிருந்து காணாமல் போன வழக்கைப் பற்றி விவரம் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். ஓம் ஷின்ரிக்கியோ என்ற சமயக் குழுவில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளை மீட்கப் போராடிய பெற்றோருக்காக அவர் வாதாடிக்கொண்டிருந்தார் என்பதும், அந்தக் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பது 1995 செப்டம்பரில்தான் உறுதியானது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் நான் கேட்டவர்கள் எல்லாரும் இதை ஒரு அமானுஷ்யக் கதையாகவே சொல்கிறார்கள். கதவு உடைக்கப்படவில்லை, பணப்பை வீட்டிலேயே இருந்தது, அவர்கள் உறங்கிய மெத்தைகள் மட்டும் இல்லை, குழுவின் சின்னம் பொறித்த ஒரு சிறு பேட்ஜ் வீட்டுக்குள் கிடந்தது என்று அடுக்கிவிட்டு, "குருவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிவு போதவில்லை.

நான் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியம்மாவின் மகன், அதாவது எனக்கு அண்ணன் முறை, தன் ஒரே மகளை ஒரு சாமியாரின் குழுவிடம் பறிகொடுத்துவிட்டு நிற்கிறார். நன்றாகப் படித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், சம்பளம் முழுவதையும் அங்கே கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளைப் பார்க்க அண்ணன் போனபோது, அவரும் அண்ணியும் வீட்டுக்குள் தனியாகப் பேசிக்கொண்ட ஒரு செய்தியை அங்கிருந்தவர்கள் அப்படியே திருப்பிச் சொல்லி, "குருவின் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை, அவரை எதிர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். எதற்கும் அசையாத மனிதர், அன்று முதல் ஒரு வக்கீலைப் பார்க்கக்கூட அஞ்சுகிறார்.

ஆகவே நான் அறிய விரும்புவது இதுதான். யோகோஹாமா வழக்கில் குருவின் சக்தி என்ற நம்பிக்கை உண்மையில் என்ன வேலை செய்தது? அந்த வழக்கறிஞர் செய்துகொண்டிருப்பது குழுவுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டுக்குள் பேட்ஜே கிடைத்திருந்தும், உண்மை வெளிவர ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?


ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம், செவ்வந்தி. உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

அந்தக் குழுவின் தலைவரான ஷோகோ அசஹாரா, சிசுவோ மட்சுமோட்டோ என்ற இயற்பெயருடன் 1955இல் பிறந்தவர். 1984இல் டோக்கியோவில் ஒரு யோகப் பயிற்சிக் கூடமாகத் தொடங்கியதை 1987இல் ஓம் ஷின்ரிக்கியோ என்று பெயர் மாற்றினார். சிவனை முதன்மைக் கடவுளாக வைத்து, யோகம், குண்டலினி, தீட்சை, கர்மம் என்று நமக்குப் பழகிய சொற்களிலேயே போதித்த குழு அது; அதனால் நம்மவர்கள் அதை எங்கோ நடந்த ஒரு விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அசஹாரா கால்களை மடித்தபடி அந்தரத்தில் இருப்பதுபோல் தோன்றும் ஒரு புகைப்படம் 1985இல் மர்மச் செய்திகளுக்கான இதழ் ஒன்றில் வெளிவந்தது. தரையிலிருந்து துள்ளும் கணத்தில் எடுத்தால் எவரையும் அப்படிக் காட்ட முடியும். ஆயினும் பிறர் மனத்தைப் படிப்பவர், வருவதை அறிபவர் என்ற புகழ் அங்கிருந்துதான் பரவியது.

பிறகு அந்தச் சக்தி விலைக்கு வந்தது. ரத்த தீட்சை என்ற பெயரில், குருவின் ரத்தத்தைச் சிறிதளவு அருந்துவதற்கு அடியார்கள் 10 லட்சம் யென் வரை கொடுத்தார்கள். குருவின் டி.என்.ஏ.வில் சிறப்பான ஒன்று இருப்பதாகக் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை ஆய்ந்து கண்டது என்று குழு தன் வெளியீடுகளில் விளம்பரம் செய்தது. இந்த இடத்தில்தான் சகாமோட்டோ குறுக்கே வந்தார். ஆவேசமாகப் பேசுவதையோ, இது பொய்ச் சமயம் என்று மேடையில் முழங்குவதையோ அவர் செய்யவில்லை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததா என்று பல்கலைக்கழகத்தையே கேட்டார், நடக்கவில்லை என்று பதில் வந்தது. இந்த வழக்கில் நான் மிக மதிக்கும் செயல் இதுதான். ஆன்மிக அனுபவத்தை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு சொன்ன ஒரு பொய்யை நிறுத்த முடியும். குருவின் சக்தி என்ற மூடுதிரைக்குள் ஒரு விற்பனை இருந்ததையும், அந்த விற்பனை சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

காலமும் குழுவுக்கு எதிராக இருந்தது. 1989 ஆகஸ்ட் மாதம்தான் டோக்கியோ பெருநகர நிர்வாகம் அதைச் சமய நிறுவனமாக அங்கீகரித்திருந்தது. வரிச் சலுகையும் சட்டப் பாதுகாப்பும் அந்த அங்கீகாரத்தோடு வந்தவை. அக்டோபரில் சண்டே மைனிச்சி வார இதழ் குழுவைப் பற்றி ஒரு தொடரைத் தொடங்கியது. அதே மாதம் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. அதற்குத் துணைநின்றவர் சகாமோட்டோ. வெளியே எவருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. 1988இல் பயிற்சியின்போது ஓர் அடியார் இறந்ததைக் குழு மறைத்திருந்தது. அதை அறிந்து வெளியேற விரும்பிய மற்றோர் அடியாரை 1989 பிப்ரவரியில் கொன்றும் இருந்தது. ரத்த தீட்சையைப் பற்றிய விசாரணை ஒன்று தொடங்கினால், அது அந்த உடல்கள்வரை போகும் என்ற அச்சம் தலைமைக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அக்டோபர் 31ஆம் தேதி குழுவின் பிரதிநிதிகள் மூவர் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கே வந்து பேசினார்கள். பேச்சு முறிந்தது. மத சுதந்திரம் என்று அவர்கள் வாதிட்டதற்கு, பிறரைத் துன்பத்தில் தள்ளும் சுதந்திரம் எவருக்கும் இல்லை என்ற பொருளில் அவர் பதிலளித்தார். அடுத்த சில நாட்களில், நவம்பர் 4ஆம் தேதி விடியுமுன், ஆறு பேர் அவருடைய வீட்டுக்குள் புகுந்தார்கள்.

இந்த ஆறு பேரின் திட்டத்தைப் பார்த்தால், முக்காலமும் உணர்ந்த குரு என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பது விளங்கும். ரயில் நிலையத்திலிருந்து அவர் வீடு திரும்பும் வழியில் தாக்குவதாகத்தான் முதலில் முடிவு செய்திருந்தார்கள். நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள் என்ற அரசு விடுமுறை. அவர் அன்று வேலைக்கே போகவில்லை. காத்திருந்து ஏமாந்தவர்கள், வீட்டுக் கதவு பூட்டப்படாமல் இருப்பதைக் கண்ட பிறகு திட்டத்தை மாற்றினார்கள். நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இருக்கும் ஒரு விடுமுறையைக்கூட அந்த ஞானதிருஷ்டி காணவில்லை. அதன் விளைவாக, ஒருவரைக் குறிவைத்த கொலை, தாயையும் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. கதவு உடைக்கப்படாததற்கும் மெத்தைகள் காணாமல் போனதற்கும் வேறு விளக்கம் தேவையில்லை: கதவு திறந்திருந்தது, உடல்களைச் சுற்றி எடுத்துச் செல்ல மெத்தைகள் பயன்பட்டன. இதற்கு மேல் அந்த இரவை விவரிக்க நான் விரும்பவில்லை.


கீழைக்காற்று எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் முதல் கேள்விக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். செவ்வந்தியின் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் குழுவுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு இந்த வழக்கில் திட்டவட்டமான விடை உண்டு. ஒரு தொலைக்காட்சி நிலையம் அதைக் காட்டிக்கொடுத்தது.

டி.பி.எஸ். என்ற பெரிய ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம், 1989 அக்டோபர் 26ஆம் தேதி சகாமோட்டோவின் பேட்டி ஒன்றைப் பதிவு செய்தது. குழுவின் பணவசூலைப் பற்றியும் எடுக்கப்போகும் சட்ட நடவடிக்கையைப் பற்றியும் அவர் அதில் பேசியிருந்தார். அது ஒளிபரப்பாவதற்கு முன்பே, நிலையத்துக்கு வந்த குழுவின் முக்கியஸ்தர்களுக்கு அந்தப் பதிவு போட்டுக் காட்டப்பட்டது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. தன் பேச்சு எதிராளிகளின் கண்ணுக்குப் போய்விட்டது என்பதை வழக்கறிஞரிடம் எவரும் சொல்லவில்லை. பத்து நாட்களுக்குள் குடும்பம் மறைந்தது. அப்போதும் நிலையம் காவல் துறையிடம் வாய் திறக்கவில்லை. நடந்ததை அது ஒப்புக்கொண்டது 1996 மார்ச்சில். நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. ஒரு மனிதரின் உயிரோடு தொடர்புடைய செய்தியை ஆறு ஆண்டுகளுக்கு மேல் தெரிந்தே மறைத்தவர்கள், மற்றவர்களின் தவறுகளைப் பற்றி நாள்தோறும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வீட்டில் கிடந்த அந்தப் பேட்ஜின் பெயர் புருஷா. அடியார்கள் அணிந்துகொள்வது. வந்த ஆறு பேரில் ஒருவரான டோமோமாசா நக்காகாவா தவறவிட்டது அது. குழுவோ, பேட்ஜ் கிடைத்ததை வைத்துத் தங்கள்மீது பழி போடுவது சதி என்று மறுத்தது. பேட்ஜ் மட்டும் ஒரு குற்றத்தை நிரூபிக்காது என்பது சட்டப்படி சரிதான். ஆனால் விசாரணையை அந்தத் திசையில் முழுமூச்சாகக் கொண்டுபோக அது போதும். அப்படிப் போகவில்லை. மூவர் மறைந்தது குற்றச் செயலா, அவர்களாகவே எங்காவது போய்விட்டார்களா என்ற ஐயத்திலேயே காவல் துறை நெடுநாள் நின்றது. இதற்கு அக்காலத்திலேயே சொல்லப்பட்ட ஒரு காரணம் உண்டு. யோகோஹாமா அடங்கிய கனகாவா மாகாணத்தின் காவல் துறையினர், ஜப்பானியப் பொதுவுடைமைக் கட்சி நிர்வாகி ஒருவரின் வீட்டுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது 1986இல் அம்பலமாகியிருந்தது. அந்த விவகாரத்தில் காவல் துறைக்கு எதிரணியில் நின்றவர்களில் சகாமோட்டோவின் சட்ட அலுவலகத்தினரும் இருந்தார்கள். அந்தப் பகை விசாரணையின் வேகத்தைக் குறைத்தது என்று அவருடைய நண்பர்கள் கருதினார்கள். காவல் துறையின் உள்ளத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனாலும் அந்த ஐயத்துக்கு இடம் கொடுத்தது அவர்களுடைய மெத்தனமே.

இதைவிட நெஞ்சை வருத்துவது அடுத்தது. ஆறு பேரில் இன்னொருவரான கசுவாக்கி ஒகசாகி 1990 பிப்ரவரியில் குழுவிலிருந்து ஓடிவிட்டார். தன்னைக் குழு கொன்றுவிடும் என்ற பயமும், குருவிடமிருந்து பணம் பெறும் எண்ணமும் சேர்ந்து, பெயர் குறிப்பிடாத ஒரு கடிதத்தை அனுப்பினார். நாகனோ மாகாண மலைப்பகுதியில் குழந்தை புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் வரைபடமும் படங்களும் அதில் இருந்தன. காவல் துறை போய்த் தேடியது, கிடைக்கவில்லை என்று திரும்பியது. அனுப்பியவர் ஒகசாகிதான் என்பதைப் பின்னர் கண்டுபிடித்து விசாரித்தும், கொலையை அவரிடமிருந்து வெளிக்கொணர முடியவில்லை. 1995 செப்டம்பர் 6ஆம் தேதி, அந்த ஆண்டு டோக்கியோ ரயில் தாக்குதலுக்குப் பிறகு கைதான குழுவினரின் வாக்குமூலத்தைக் கொண்டு கணவரின் உடல் நீகட்டாவிலும் மனைவியின் உடல் டோயாமாவிலும் எடுக்கப்பட்டன. செப்டம்பர் 10ஆம் தேதி குழந்தையின் உடல், அந்தக் கடிதம் குறிப்பிட்ட அதே பகுதியில் கிடைத்தது. ஒரு குடும்பத்தை மூன்று மாகாணங்களில் பிரித்துப் புதைத்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை வைத்து இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை. 1994 ஜூன் 27ஆம் தேதி மட்சுமோட்டோ நகரில் குழு சரின் நச்சு வாயுவை வெளியிட்டது. 1995 மார்ச் 20ஆம் தேதி டோக்கியோ சுரங்க ரயில்களில் அதையே செய்தது. அதில் 13 பேர் இறந்தார்கள், 25 ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்த ஒரு பெண்மணி 2020இல் உயிர் நீத்தார். யோகோஹாமா வழக்கு 1990இல் துலங்கியிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.


செவ்வந்தி எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. தொலைக்காட்சிப் பதிவைப் பற்றிப் படித்தபோது உடல் சிலிர்த்துவிட்டது. குரு அறிந்தார் என்று நம்பியவர்களுக்கு, அவர் எப்படி அறிந்தார் என்பதை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் அல்லவா?

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. வந்த ஆறு பேரும் இது பொய் என்று தெரிந்துகொண்டே செய்த கூலிக் கொலைகாரர்களா? ஏட்டுச்சுவடி ஐயா விற்பனை என்று சொல்வதைப் படிக்கும்போது அப்படித் தோன்றுகிறது. ஆனால் எங்கள் பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவள் நடிக்கவில்லை. அண்ணிக்குக் காய்ச்சல் என்று கேட்டபோது, அவள் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் வர மறுத்துவிட்டாள்.


நெய்தல் எழுதியது:

செவ்வந்தி, உங்கள் ஐயம் சரியானது. தலைவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்பது வேறு. அவருக்குக் கீழே இருந்தவர்களில் பலர் மெய்யாகவே நம்பினார்கள். இப்படிப் பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோருடன் பேசும் பணியில் இருப்பவள் என்ற முறையில், இதை வெறும் மோசடி வழக்காகப் பார்ப்பது குடும்பங்களுக்கு உதவாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

பேட்ஜைத் தவறவிட்ட நக்காகாவா ஒரு மருத்துவர். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு 1989 ஆகஸ்ட் வாக்கில் துறவியாகக் குழுவில் சேர்ந்தவர், ஏறத்தாழ இரண்டே மாதங்களில் கொலை செய்யப் போன அணியில் இருந்தார். உயிரைக் காக்கப் பயின்ற ஒருவரை அவ்வளவு விரைவில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது பணம் அல்ல. திபெத்திய பௌத்தத்தில், இறக்கும் மனிதரின் உணர்வை நற்கதிக்குச் செலுத்தும் போவா என்ற பயிற்சி உண்டு. அசஹாரா அதைத் திரித்தார். தீவினை சேர்த்துக்கொண்டே போகும் ஒருவருடைய கர்மத்தைத் தன்னால் பார்க்க முடியும் என்றும், அவர் மேலும் பாவம் சேர்க்குமுன் உயிரைப் பிரித்தால் அது அவருக்கே செய்யும் நன்மை என்றும் போதித்தார். குருவுக்கு மறைவானதைக் காணும் ஆற்றல் உண்டு என்று ஏற்றுக்கொண்டவருக்கு, அடுத்த கேள்வி கேட்கவே வழியில்லை. கொலை செய்யச் சொல்கிறார் என்று தோன்றினால், நம் கண்ணுக்குத் தெரியாததை அவர் பார்த்திருப்பார் என்று தன்னையே அடக்கிக்கொள்வார். விற்பனைக்குப் பயன்பட்ட அதே நம்பிக்கை கொலைக்கும் உரிமம் கொடுத்தது. இந்த இடத்தில் நான் ஏட்டுச்சுவடி அவர்களிடமிருந்து சற்று விலகி நிற்கிறேன்.

அந்த ஆறு பேரில் ஹிடேயோ முராய் 1995 ஏப்ரலில் டோக்கியோவில் குழுவின் அலுவலகத்துக்கு வெளியே குத்திக் கொல்லப்பட்டார். மற்ற ஐவரும், அசஹாராவும், வேறு ஏழு பேரும் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். அசஹாராவின் விசாரணை நீண்டது. ஆனால் அவர் நாளடைவில் நீதிமன்றத்தில் புரியாத முணுமுணுப்புக்குள் போய்விட்டார், தெளிவான விளக்கம் எதையும் தரவில்லை. ஆணையை ஏற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள், ஆணையிட்டவர் பேசவில்லை. தங்கள் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று கேட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு இது பேரிழப்பு.

இனி உங்கள் அண்ணன் வீட்டு விஷயம். எல்லாக் குழுவும் ஓம் ஷின்ரிக்கியோ ஆகிவிடாது. கொலைவரை போனவை மிகச் சிலவே, அதனால் அந்த ஜப்பானியக் குடும்பத்தின் முடிவை உங்கள் அண்ணனுக்கு முன்னால் வைத்து அவரை மேலும் மிரட்ட வேண்டாம். ஆனால் வீட்டுப் பேச்சு அங்கே போன வழியைத் தேடுங்கள். என்னிடம் வந்த குடும்பங்களில் இதே கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அம்மா தன் தங்கையிடம் மனம்விட்டுப் பேசியிருப்பார், அந்தத் தங்கையின் மகள், குழுவில் இருக்கும் பெண்ணுடன் வாட்ஸ்அப்பில் தொடர்பில் இருப்பாள், அந்தப் பெண் அன்றன்று கேட்டதையும் நினைத்ததையும் குழுவில் ஒப்பித்தாக வேண்டும் என்ற விதி இருக்கும். எவரும் துரோகம் செய்யவில்லை. பாசத்தில் சொன்னதே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் செய்தி யார் யாருக்குத் தெரியும் என்று அண்ணியிடம் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் சொன்னவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. அந்தத் தங்கை மகள்தான் உங்கள் பெண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் ஒரே பாலமாகவும் இருக்கலாம்.

அண்ணிக்குக் காய்ச்சல் என்றதும் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நல்ல செய்தியாகவே படித்தேன். அவளிடம் குருவைப் பற்றி வாதாட வேண்டாம். வீட்டில் நடக்கும் சின்னச் செய்திகளை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள்.


கீழைக்காற்று எழுதியது:

நெய்தல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1995 பிப்ரவரி 28ஆம் தேதி, டோக்கியோவில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் பட்டப்பகலில் தெருவிலிருந்து வேனில் கடத்தப்பட்டார். குழுவுக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு மனம் மாறி ஒளிந்துகொண்ட தன் தங்கையின் இருப்பிடத்தை அவர் சொல்ல மறுத்ததே காரணம். அவர் உயிரோடு திரும்பவில்லை. ஆனால் தனக்கு ஆபத்து என்று உணர்ந்தவுடனேயே, "நான் காணாமல் போனால் ஓம் குழுவினரே கடத்தியிருப்பார்கள்" என்ற கருத்தில் ஒரு குறிப்பை எழுதி வைத்திருந்தார். யோகோஹாமா வழக்கில் காவல் துறைக்கு இருந்த தயக்கத்துக்கு இங்கே இடமில்லாமல் போனது. குழுவின் வளாகங்களைச் சோதனையிடும் ஏற்பாடு இந்த வழக்கிலிருந்துதான் வேகம் பிடித்தது. சகாமோட்டோவிடம் முதல் குடும்பத்தை அனுப்பிவைத்த ஷோகோ எகாவா என்ற பத்திரிகையாளரும் இப்படித்தான் தன் கையில் இருந்ததை எல்லாம் ஆண்டுக்கணக்கில் எழுதி வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 1994இல் அவருடைய வீட்டுக்குள் நச்சு வாயுவைச் செலுத்தினார்கள், அவர் நிறுத்தவில்லை.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நெய்தல் அவர்களின் விலகலை ஏற்கிறேன். விற்றவரையும் நம்பியவரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாதுதான். சட்டத்தின் பக்கம் மட்டும் ஒரு சொல். செவ்வந்தி, உங்கள் அண்ணன் மகள் வயது வந்தவள் என்பதால், விரும்பித்தான் இருக்கிறேன் என்று அவளே சொல்லிக்கொண்டிருக்கும்வரை ஆட்கொணர்வு மனு பெரிதாகப் பயன் தராது. ஆனால் அவள் பணம் கொடுத்ததற்கு என்ன வாக்குறுதி சொன்னார்கள், நோய் தீரும் என்றோ கடன் அடையும் என்றோ எழுத்தில் ஏதேனும் கொடுத்தார்களா என்று பாருங்கள். துண்டுப் பிரசுரம், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அண்ணனை எச்சரித்த நாள், சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லி, அதன் நகலை வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்க அவர் தனியாகப் போக வேண்டாம். அதே குழுவில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தவிக்கும் வேறு குடும்பங்கள் ஊரில் நிச்சயம் இருக்கும், முதலில் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.


செவ்வந்தி எழுதியது:

அண்ணியிடம் இன்று பேசினேன். அந்தச் செய்தியை அவர் தன் அக்காவிடம் மட்டும் போனில் சொன்னதாக நினைவுகூர்ந்தார். அக்காவின் மகன் எங்கள் பெண்ணுடன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் கடிந்துகொள்ளப் போவதில்லை. இதைக் கேட்ட பிறகு அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ரசீதுகள் எந்தப் பீரோவில் இருக்கின்றன என்று கேட்டார். இதே குழுவில் பிள்ளைகளைப் பிரிந்த குடும்பங்கள் பக்கத்து ஊரில் இரண்டு இருப்பதாகவும் தெரியவந்திருக்கிறது. அவர்களைப் பார்த்த பிறகு, வக்கீலிடம் எதை முதலில் கேட்பது என்பதற்கு உங்கள் எல்லாரிடமும் மீண்டும் வருவேன்.